யூதாசின் தாய்க்கு ஒரு முன்னுரை

14 பிப்ரவரி 2024, சாம்பல் புதன்

காலைப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டோம். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சரியாகச் சலிக்கவில்லை. என் மனைவி செசிலியின் நெற்றியில் ஓர் ஈர்க்குத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை நான் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கூட வந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்று சண்டை போட்டாள்.

பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் குரு ரெஜிஸ் சாமி அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கித்தேரிபட்டியில் குருத்து ஞாயிறு பிற்பகலில் நடக்கும் பாஸ்குவை, அதாவது ஆண்டவருடைய பாடுகளின் நாடகத்தை, புத்தகமாக அச்சிடப்போகிறாராம். ஆயர் இல்லத்தில் அனுமதி கேட்டிருக்கிறார். அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். வேதத்தில் இருப்பது இருக்கலாம். வேதத்தில் இல்லாதது, மிகப் பழைய வழக்கம் என்றால் இருக்கலாம். நேற்று முந்தாநாள் யாரோ சேர்த்தது கூடாது.

"மொத்தம் ஒன்பது இடம் குறிச்சிருக்கேன் சார். வெரோனிக்கா துணியால முகம் துடைக்கிறது நற்செய்தியில இல்ல, ஆனா உலகம் பூரா தெரிஞ்சது. அது கெடக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். யூதாஸோட தாய் புலம்பல். நான் இத வேற எங்கயும் பார்க்கல. இது நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சி?"

"பழசு சாமி" என்றேன்.

"எவ்வளவு பழசு?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எழுபத்தேழு வயதில், வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் போல நடந்து வந்தேன்.

17 பிப்ரவரி

பரணிலிருந்து பாஸ்குத் தாள்கள் இருக்கும் கட்டை இறக்கினேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வாசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அரை மணி நேரம் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செசிலி கேட்டாள், வேதத்தில் சேர்ந்த நூல், சேராத நூல் என்றால் என்ன என்று. நான் வகுப்பு எடுக்கிற பாவனையில் சொன்னேன். "வருகைப் பதிவேட்டை நெனைச்சிக்கோ. பேரு கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா' சொல்லுத பிள்ளைக எல்லாம் பதிவேட்டுல இருக்கு. ஜன்னலுக்கு வெளிய ஆடு மேய்ச்சிக்கிட்டே பாடத்தக் கேட்டுக்கிட்டு நிக்கித பிள்ளையும் உண்டு. அதுக்கும் பாடம் தெரியும். சில நேரம் உள்ள இருக்கவனவிட நல்லாவே தெரியும். ஆனா பதிவேட்டுல பேரு கெடையாது."

"அப்ப பொய்யா ஒரு பேர எழுதி உள்ள உக்கார வச்சா?"

இவளுக்கு எப்போதும் இப்படித்தான், உதாரணத்தை அதன் கால் நீளத்துக்கு மேல் நடத்திக்கொண்டு போவாள். "அது பள்ளிக்கூடத்துல நடக்கும், வேதத்துல நடக்காது" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

கட்டின் கடைசியில் அந்தத் தாள் இருக்கிறது. புலம்பல் முழுவதும் அதில்தான். அடியில் எழுதியிருப்பது: "1861ஆம் வருஷம் உபதேசியார் சந்தியாகு எழுதின ஏடு செல்லரித்துப் போகையில், அதைப் பார்த்து எழுதினது."

எழுத்து என்னுடையது. பார்த்து எழுதுகிறவன் எழுத்து அவனுடையதாகத்தானே இருக்கும்.

18 பிப்ரவரி, ஞாயிறு

ரேஷனில் பருப்பு வரவில்லை.

22 பிப்ரவரி

ஒத்திகைக்குப் போனேன். அண்ணாவி சிலுவைமுத்துதான் பாஸ்குவை நடத்துகிறவர். அவர் அப்பாவும் அண்ணாவிதான். தாளின் அடியில் எழுதியிருந்ததை நான் சொன்னதும், சாமி எல்லாரிடமும் சந்தியாகு உபதேசியாரைப் பற்றிச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. குருமடத்துப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதமும் போட்டிருக்கிறார். காணாமல் போன பழைய கிறிஸ்தவ இலக்கியம் ஒன்றின் துண்டாக இருக்கலாம் என்று அவருக்கு ஆசை.

"வாத்தியாரையா, சந்தியாகு உபதேசியாரு யாருன்னு நெனச்சிய? எங்க பூட்டனுக்குச் சித்தப்பாவாக்கும்!" என்றார் சிலுவைமுத்து.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்தக் காலத்துல இந்த ஊர்ல எழுதத் தெரிஞ்ச குடும்பம் எதுவே? நாங்கதான்."

"ஒனக்கே கையெழுத்துதானவே போடத் தெரியும்" என்று பிலாத்து வேடக்காரன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். புதிதாகப் பிறந்த பேரனுக்குச் சந்தியாகு என்றே பெயர் வைத்துவிட்டதாகச் சிலுவைமுத்து பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு புலம்பலைப் பாடிப் பார்த்தார்கள்.

முத்தங் குடுத்த வாயின்னு ஊரு
மூஞ்சியத் திருப்புது ராசாவே – அந்த
வாயி மொதமொத எங்கிட்டத்தான
பாலுக்கு அழுதது ராசாவே.

கூட இருந்த பதினொரு பேருக்கும்
கும்பிடக் கோயில் இருக்குதய்யா – கயித்துக்
கொம்புல தொங்குன எம்மவனே ஒனக்குக்
குழியுமே சொவருக்கு வெளியவய்யா.

பிலாத்து வேடக்காரன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் ஊர்ப் பெண்கள் அழுவார்கள். யூதாசுக்காக அழுகிற ஊர் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

25 பிப்ரவரி, ஞாயிறு

எஸ்தாக்கியம்மாளைப் பார்க்கப் போனேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையில் கடைசி வீடு. எண்பத்து மூன்று வயது. தனியாக இரண்டு ஆடுகளோடு இருக்கிறாள். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன வாத்தியாரே, சாமி நம்ம பாட்ட எடுக்கப் போறாராமே?"

நம்ம பாட்டு என்றாள். ஆமாம், இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். புலம்பல் அவள் பாடியது. 1983 தவக்காலத்தில் என் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்து பாடினாள். அப்போது அவள் ஒரே மகன் சேசடிமை செத்து ஒன்றரை வருடம். கயிற்றில் தொங்கிச் செத்தவன் என்பதால் பூசை இல்லை, துக்கமணி இல்லை, கல்லறைச் சுவருக்கு வெளியே குழி. கிணற்றடியில் பெண்கள் அவளை யூதாசு ஆத்தா என்று கூப்பிடுவார்களாம். "கூப்பிடுதாளுக. சரி, அவ என்ன சொல்லி அழுதிருப்பான்னு நெனச்சேன். பாட்டா வந்துட்டு. எனக்கு எழுதத் தெரியாது. எழுதி வைங்க" என்றாள்.

எழுதினேன். அவள் பாட்டு என்று தெரிந்தால் அண்ணாவியின் அப்பா கையாலும் தொடமாட்டார். ஆகவே பள்ளிக்கூடப் பரணில் கிடந்த பழுப்புத் தாளில் எழுதி, அடியில் சந்தியாகு உபதேசியாரைப் பிறக்கவைத்தேன். அடுத்த வருடமே மேடையேறிவிட்டது. எஸ்தாக்கி முதல் வரிசையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே கேட்டாள். அன்றிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை.

"பழசுன்னே சொல்லிருங்க வாத்தியாரே. எனக்கு வேற என்ன இருக்கு? அவனுக்குன்னு ஒரு பூச உண்டா, மணி உண்டா? அந்தப் பாட்டு ஒண்ணுதான். பொய்யின்னா அந்தப் பாவத்த எங்கணக்குல எழுதச் சொல்லுங்க."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"நீங்க ஒருத்தர்தான் அன்னைக்கு எம் முகத்தப் பார்த்துப் பேசுனிய. அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். கீரையில் பாதியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். செசிலி சமைத்தாள். என் பங்கை அவள் தட்டிலேயே தள்ளிவிட்டேன்.

1 மார்ச், வெள்ளி

சிலுவைப்பாதை. மாதா சுரூபத்தில் கிரீடம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. நான் போய் நிமிர்த்தவில்லை. அந்தக் கிரீடத்தை 1981 செப்டம்பருக்குப் பிறகு நான் தொட்டதில்லை.

இதற்கு மேல் இன்று எழுதுவதற்கில்லை.

5 மார்ச்

சாமி அசல் தாளைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். பின்பக்கம் நான் ஒட்டியிருந்த தாள் உரிந்து, கட்டம் போட்ட அச்சு தெரிந்தது. சேர்க்கை எண். மாணவர் பெயர். தடுப்பூசி விவரம்.

"பழைய ஏட்டப் பார்த்து எழுதினதுன்னா, பின்பக்கத்த ஏன் சார் ஒட்டி மறைக்கணும்?" என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காப்பி அடித்துப் பிடிபட்ட பிள்ளையிடம் நான் பேசுவேனே, அதே குரலில் பேசினார்.

சொல்லிவிட்டேன். பாட்டு எஸ்தாக்கியம்மாள் பாடியது, தாள் நான் செய்தது, சந்தியாகு என்று ஒருவர் இல்லை. சாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பேராசிரியருக்கு இனி என்ன எழுதுவது என்று அவர் கவலை. ஆனால் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். "ஒரு தாய்க்காகச் செஞ்சிருக்கீங்க. தப்புதான். ஆனா சின்னத் தப்பு."

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. சின்னத் தப்பு. சைக்கிளில் வரும்போது பாட்டுக்கூட முனகினேன். இதை எழுதும்போது கூசுகிறது.

8 மார்ச், வெள்ளி

சாமி வீட்டுக்கே வந்துவிட்டார், முகமெல்லாம் சந்தோஷமாக. ஆயர் இல்லத்தில் பேசினாராம். பழையது என்று பொய் சொல்லி அச்சிட முடியாது. ஆனால் நாடகத்தின் பகுதியாக இல்லாமல், பின்னிணைப்பாக, பாடியவர் பெயரோடு போடலாம் என்கிறார்கள்.

"எஸ்தாக்கியம்மா பேரு அச்சுல வரும் சார்! ஒரு முன்னுரை மட்டும் வேணும். அந்த அம்மா யாரு, ஏன் இத பாடுனாங்கன்னு. மகன் கிரீடத்த எடுத்தது, மனசு உறுத்தித் திருப்பிக் கொண்டுவந்து வச்சது, அப்புறம் யூதாஸ் மாதிரியே நாண்டுக்கிட்டது, எல்லாம் ஊர்ல சொன்னாங்க. வாசிக்கிறவனுக்கு அது தெரிஞ்சாத்தான் பாட்டோட ஆழம் புரியும். நீங்க எழுதுனாத்தான் சரியா இருக்கும். அப்ப கூட இருந்தவர் நீங்கதான?"

"ஆமா" என்றேன்.

செசிலி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைப் பாராட்டிக் குடித்துவிட்டுப் போனார்.

10 மார்ச், ஞாயிறு

முன்னுரை:

"நம் ஊரின் எளிய தாய் ஒருவர், தம் மகன் செய்த பிழையை"

அடித்தேன்.

"இளமையில் தவறிழைத்துப் பின் மனந்திரும்பிய தம் மகனை"

அடித்தேன்.

"களவு போன கிரீடம் மூன்றாம் நாள்"

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தேன். தெரிந்ததை எழுது, பார்த்ததை எழுது, வரும் என்பேன். வருகிறது. அதுதான் சிக்கல்.

12 மார்ச்

ஒரு வரியும் இல்லை. ஆட்டுக்கல்லைக் கொத்த ஆள் வந்தான்.

14 மார்ச்

எழுதிவிடுகிறேன். முன்னுரைக்கு அல்ல, இங்கே.

1981 செப்டம்பர் 15, வியாகுல மாதா திருநாள். நான் கோயில் சபைச் செயலாளர். தேர் திரும்பும்போது மழை. அவசரமாக மாதா தலையிலிருந்து வெள்ளிக் கிரீடத்தைக் கழற்றினேன். கையில் அகப்பட்ட துணியில் சுற்றினேன். அது தவக்காலத்தில் சுரூபங்களை மூடுகிற ஊதாத் துணி. துணியோடு சேர்த்து அந்தத் துணிப் பெட்டியிலேயே போட்டு மூடிவிட்டு, மழையில் நனைகிற தேர்ச்சீலையைப் பார்க்க ஓடினேன். அந்தப் பெட்டியை அடுத்த தவக்காலம்வரை யாரும் திறக்கமாட்டார்கள்.

மறுநாள் கிரீடத்தைக் காணோம். வழக்கம்போல உள்ளறை அலமாரியில் வைத்ததாகவே எனக்கு நினைப்பு, அப்படியே சொன்னேன். ஊர்க்கூட்டம். கோயில் உள்ளறைக்கு யார் போனது என்று கேட்டார்கள். சேசடிமை தேர்விளக்கு எடுக்கப் போனதைப் பார்த்தேன் என்றேன். அது உண்மை. என்னை ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. நான் வாத்தியார். அவன் செங்கல் சூளையில் வேலை செய்கிற இருபத்திரண்டு வயதுப் பையன். வேம்பில் கட்டிவைத்து அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிரீடம் வராவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஒதுக்குவது என்று முடிவு. நானே அந்த முடிவை நோட்டில் எழுதினேன்.

வியாழன் மத்தியானம், மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, கையில் அந்த ஊதாத் துணியின் ஈரம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். இருந்தது.

பெட்டியை மூடினேன்.

ஏன் மூடினேன்? ஊர் முன்னால் போய், மறதியாக நானே வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்த மாதம்தான் எனக்குத் தலைமையாசிரியர் வேலை கொடுப்பதா என்று அப்போதைய பங்குச்சாமி யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியூரில் இருந்தார், சனிக்கிழமை வருவார். வந்ததும் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள்தானே.

வெள்ளி காலையில் களத்துப் புளியமரத்தில் சேசடிமை தொங்கினான்.

சனிக்கிழமை விடியுமுன் கிரீடத்தைப் பீடப்படியில் வைத்தேன். கண்டெடுத்த பெண்கள் சாகுமுன்னால் அவன்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்றார்கள். யூதாஸ் வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய் நாண்டுகொண்டான் அல்லவா, அதே மாதிரி என்றார்கள். கதை அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஒரு சொல்லும் எடுக்கவில்லை. நவம்பரில் தலைமையாசிரியர் ஆனேன்.

வெகுதூரத்து யாத்திரைக் கோயில் ஒன்றில், முகம் தெரியாத ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அந்தப் பையனின் பெயரைத் திருப்பிக் கொடு, அதுதான் பரிகாரம் என்றார். சரி என்றேன். அதற்குப் பதிலாக ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்கிறேன். இன்றுவரை.

15 மார்ச், வெள்ளி

செசிலியிடம் நேற்று எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "அந்த வருசம் மூணு மாசம் நீங்க பூசையில நன்ம அப்பம் வாங்கல. ஞாயித்துக்கெழம எல்லாரும் போவும்போது நீங்க மட்டும் பெஞ்சுல உக்காந்திருந்திய. நான் கேக்கல" என்றாள்.

பிறகு, "கேட்டிருக்கணும்" என்றாள்.

17 மார்ச், தவக்கால ஐந்தாம் ஞாயிறு

பூசைக்குப் பின் எஸ்தாக்கி வீட்டுக்குப் போனேன். ஆட்டைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முன்னுரை எழுதிவிட்டேன், படித்துக் காட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "படிங்க" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சொன்னேன். மழையிலிருந்து தொடங்கி பீடப்படிவரை. நான் முடித்தபின் கேட்டாள்.

"பெட்டியத் தொறந்தது என்னைக்கி?"

"வியாழக்கெழம."

"எந்நேரம்?"

"மத்தியானம். ரெண்டு மணி இருக்கும்."

அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வியாழக்கெழம சாயங்காலம் முதுகுக்கு எண்ண தேச்சி விட்டேன். 'நான் எடுக்கலம்மா'ன்னான். 'எடுத்திருந்தா குடுத்துருய்யா, மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா'ன்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல."



"வாத்தியாரு பாத்தேன்னு சொன்னாரே, அவரு பொய் சொல்லுவாரான்னு நெனச்சேன். பெத்த பிள்ளைய நம்பல. ஒங்கள நம்புனேன்."

"எஸ்தாக்கி, என்ன மன்னிச்..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் பாட்டு?"

"அது ஒன் பாட்டுதான். சாமி ஒன் பேரு போட்டு..."

"களவாண்டவனப் பெத்தவ பாடுன பாட்டு அது. அவனுக்கும் ஒரு தாய் உண்டுமில்லியா, அவ அழுவட்டும்னு பாடுனேன். நாப்பது வருசமா மொத வரிசையில உக்காந்து அழுதேன். எம்மவன் எடுக்கலன்னா நான் எதுக்குவே யூதாஸுக்குத் தாயா இருந்தேன்?"

'வாத்தியாரே' போய், மரியாதையில்லாத 'வே' என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லை என்னை நோக்கி நான் கேட்டதே இல்லை. சரியான சொல்தான்.

என்னைப் பார்க்காமல் சொன்னாள். "யூதாஸையும் ஒருத்தி பெத்துத்தான் இருப்பா. அவ அழுதா அழுதுட்டுப் போறா, பாட்ட நிறுத்தாண்டாம். ஆனா அதுல எம்பேரு வரப்படாது. அவ நான் இல்ல."

பிறகு, "இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? அன்னைக்கு ஊர் முன்னாலதான சொன்னிய?" என்றாள். எழுந்து ஆட்டிடம் போனாள்.

அந்தப் பாட்டை அவளுக்காகக் காப்பாற்றுகிறேன் என்று நாற்பது வருடம் நினைத்திருந்தேன். அவளைக் கிணற்றடியில் கூப்பிட்ட பெயரைத்தான் வருடாவருடம் மேடையேற்றியிருக்கிறேன்.

19 மார்ச், சூசையப்பர் திருநாள்

சாமியிடம் சொன்னேன். இந்த முறை தோளில் கைவைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "முன்னுரை கேட்டு வந்தப்பவே ஏன் சார் சொல்லல?" என்றார். குருத்து ஞாயிறு பூசை முடிவில் பேச நேரம் தருவதாகச் சொன்னார். புத்தகத்தில் புலம்பல் வராது.

24 மார்ச், குருத்து ஞாயிறு

எழுதி வைத்துக்கொண்டு போனேன். வாசித்தேன். மைக்கில் என் மூச்சு கேட்டது. குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

முடித்துத் தாளை மடித்தேன். ராயப்பன் எழுந்தார். அவருக்கும் எண்பதுக்கு மேல். அன்றைக்குச் சேசடிமையை வேம்பில் கட்டி அடித்த நாலு பேரில் மீதி இருப்பவர் அவர்தான். "அப்ப நான் அடிச்சது?" என்றார். சத்தமாகக்கூட இல்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடுவழியே வெளியே போனார். அவர் போய்ச் சேருகிறவரை எல்லாரும் அந்தக் கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வாசலில் சிலுவைமுத்து மட்டும் கிட்டே வந்தார். "அப்ப சந்தியாகு உபதேசியாரு?"

"அப்படி ஒருத்தர் இல்ல."

"பிள்ளைக்குப் பேரு வச்சிட்டேனேய்யா" என்றார். சொன்னபிறகு, இன்று அது சொல்லத் தகுந்ததல்ல என்று அவருக்கே பட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பிற்பகல் பாஸ்கு நடந்தது. நான் கடைசியில் நின்றேன். புலம்பல் பாடினார்கள். இந்த வருடம் பெண்கள் அழவில்லை. முதல் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

26 மார்ச்

மளிகைக் கடையில் சாமான் கொடுத்தார்கள். பேச்சுக் கொடுக்கவில்லை. என்னிடம் படித்தவன் கடை. மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசைமேல் வைத்தான்.

28 மார்ச், பெரிய வியாழன்

மாலைப் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது எல்லா மணியும் அடித்து ஓய்ந்தது. இனி உயிர்ப்பு வரை மணி கிடையாது, மரக்கட்டைதான்.

பூசைக்கு முன்பு சாமி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எஸ்தாக்கி அவரிடம் வந்திருக்கிறாள். மகனுக்குத் துக்கமணி அடிக்க வேண்டும், சாமி சுவருக்கு வெளியே வந்து செபம் சொல்லிக் குழியை மந்திரிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு மணி நின்றுவிடுமே, ஈஸ்டர் முடியட்டும் என்று சாமி சொன்னாராம். "நாப்பத்திரெண்டு வருசம் இருந்தாச்சி, நாலு நா இருக்க மாட்டனா" என்றாளாம்.

"திங்கக்கெழம காலையில வச்சிருக்கோம். நீங்க வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க சார்."

"சரி சாமி."

1 ஏப்ரல், திங்கள்

செசிலி போனாள். போகும்போது குடையை மட்டும் கேட்டாள்.

நான் வாசல்படியில் நின்றேன். எட்டரை மணிக்குத் துக்கமணி தொடங்கியது. ஒன்று. இடைவெளி. ஒன்று. தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் அங்கே போயிருந்தார்கள். ராயப்பனைக்கூட அவர் மருமகள் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

கடற்கரையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிற பெண் வந்தாள். தவக்காலத்து நாற்பது நாள் கழிந்து இன்று நல்ல வியாபாரம் ஆகும் என்று பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். மணிச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தெருவே காலியா கெடக்கு. யாரு சார் தவறிட்டாக?"

"சேசடிமைன்னு பேரு. எஸ்தாக்கியம்மா மவன்."

"வயசாளியா?"

"இருவத்திரெண்டு."

"ஐயோ மாதாவே! என்ன செஞ்சிச்சி அந்தப் பிள்ளைக்கி?"

கோயிலில் பேசியபோது கையில் தாள் இருந்தது. இப்போது இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வண்டிய நெழலுல விடும்மா" என்றேன். "சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆவும்."